டேர் பெட்டோங்: ஜெர்மன் கட்டுமானச் சொற்களின் பாலை எப்படி மனதில் பதிப்பது?

கான்கிரீட்டுக்கு ஜெர்மனில் 'பெட்டோங்' என்று பெயர். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு, முன்னால் வரும் ஆர்ட்டிகல் அதைக் காட்டும்: ஆண்பாலுக்கு 'டேர்', பெண்பாலுக்கு 'டீ', இரண்டும் அல்லாத அலிப்பாலுக்கு 'டாஸ்'. இது ஆண்பால்: டேர் பெட்டோங். பிரெஞ்சிலிருந்து வந்த சொல், அங்கேயும் ஆண்பால்தான். பல இடங்களில் மூக்கொலியோடு 'பெட்டோங்' என்பார்கள். தெற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 'பெட்டோன்' என்று நீட்டுவார்கள். இரண்டும் சரி. அழுத்தம் மட்டும் இரண்டாவது அசையில் விழ வேண்டும்.

தமிழில் ஆண், பெண் என்ற பிரிவு உயர்திணைக்குத்தான். மணல், ஓடு, கான்கிரீட் எல்லாம் 'அது'. அதனால் நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் முதல் வாக்கியத்தில் அல்ல, இரண்டாவதில். 'டேர் பெட்டோங்' என்று சரியாகத் தொடங்கிவிட்டு, 'இன்னும் ஈரமாக இருக்கிறது' என்பதற்கு 'எஸ் இஸ்ட் நோஹ் நாஸ்' என்று எழுதிவிடுவார்கள். 'ஏர் இஸ்ட் நோஹ் நாஸ்' என்று வர வேண்டும். கான்கிரீட் அங்கே 'அவன்'. பால் பொருளுக்கு உரியதல்ல, சொல்லுக்கு உரியது. இதை ஏற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சொல்லை 'டேர்' சேர்த்து மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். ஆண்பால் சொற்களுக்கு அது போதாது. ஏனென்று பார்க்க ஒரு வாக்கியம்:

டேர் பெட்டோங் ஹெர்ட்டெட் இன் டேர் ஷாலுங் அவுஸ்.

'கான்கிரீட் பலகையடைப்புக்குள் இறுகுகிறது' என்று பொருள். இதில் 'டேர்' இரண்டு முறை வருகிறது. முதலாவது ஆண்பால், எழுவாய். இரண்டாவது பெண்பால்: ஷாலுங் என்பது 'டீ ஷாலுங்', இங்கே இடத்தைக் குறிக்கும் 'டாட்டிஃப்' என்ற வேற்றுமையில் 'டேர்' ஆகிவிட்டது. படிக்கும்போதெல்லாம் 'இன் டேர் ஷாலுங்', 'ஆன் டேர் வாண்ட்' (சுவரில்) என்று கண்ணில் பட்டுப் பட்டு, ஷாலுங்கும் வாண்டும் ஆண்பால் என்றே மனம் பதிவு செய்துகொள்ளும்.

ஆகவே ஆண்பால் சொல்லைச் செயப்படுபொருளாக, வினையோடு சேர்த்துப் படியுங்கள்: டேன் பெட்டோங் மிஷென், டேன் ட்ஸெமென்ட் கவ்ஃபென், டேன் ஸாண்ட் ஸீபென் (கலக்க, வாங்க, சலிக்க). ஒருமைச் சொல்லுக்கு முன்னால் 'டேன்' வந்தால் அது ஆண்பாலாகத்தான் இருக்க முடியும். பெண்பாலும் அலிப்பாலும் அங்கே மாறுவதே இல்லை. அட்டையில் எழுதுவதாக இருந்தால் ஒரு பக்கம் 'கான்கிரீட் கலக்க', மறுபக்கம் அந்த மூன்று சொற்கள். அலிப்பாலுக்கு 'டாஸ்' ஒன்றே போதும். எழுவாயிலும் செயப்படுபொருளிலும் அது மாறாது, வேறு பாலுக்கும் வராது.

கட்டுமானச் சொற்களில் ஆண்பால்தான் பெரும்படை. கல், மண், கலவை என்று வருபவை ஏறக்குறைய எல்லாமே அதில் சேரும்: ஷ்டைன் (கல்), கீஸ் (சரளை), ஸாண்ட், லேம் (களிமண்), கால்க் (சுண்ணாம்பு), கிப்ஸ், மெர்ட்டெல் (சாந்து), புட்ஸ் (பூச்சு), க்ரனீட், மார்மோர். உலோகங்கள் பெரும்பாலும் அலிப்பால்: ஐஸென் (இரும்பு), குப்ஃபர், அலுமீனியும். ஆனால் எஃகு 'டேர் ஷ்டால்', வெண்கலம் 'டீ ப்ரோன்ஸே'. மரமும் கண்ணாடியும் டாஸ் ஹோல்ட்ஸ், டாஸ் க்ளாஸ். 'ஏ' ஒலியில் முடியும் ஃப்ளீஸே (டைல்), ப்ளாட்டே (பலகை) போன்றவையும், 'உங்' சேர்ந்து உருவான ஷாலுங், டெம்முங் (வெப்பக்காப்பு) போன்றவையும் பெண்பால். பைன் மரம் 'டீ கீஃபர்'. 'டேர் கீஃபர்' என்றால் தாடை. ஏணி 'டீ லைட்டர்'; 'டேர் லைட்டர்' என்றால் தலைமை ஏற்பவர். இந்த இரண்டு சொற்களிலும் பால் தவறினால் பொருளே மாறிவிடும்.

கூட்டுச் சொல்லில் கடைசிச் சொல்தான் பாலைத் தீர்மானிக்கும். டேர் ஷ்டால்பெட்டோங், ஆனால் டீ பெட்டோங்ப்ளாட்டே, டாஸ் பெட்டோங்வெர்க்.

அடுத்தது பயன்பாடு. இங்கேதான் தேர்வில் மதிப்பெண் கரைகிறது. 'கான்கிரீட்டால் ஆன சுவர்' என்பதில் நம் 'ஆல்' உருபு 'மிட்' அல்லது 'ஃபோன்' போடத் தூண்டும். பொருளால் ஆனது என்றால் 'அவுஸ்', அதுவும் ஆர்ட்டிகல் இல்லாமல்: ஐனே வாண்ட் அவுஸ் பெட்டோங். 'அவுஸ் டேம் பெட்டோங்' என்று எழுதினால் ஏற்கெனவே பேசிய அந்தக் குறிப்பிட்ட கான்கிரீட் என்றாகிவிடும். தீர்ந்துவிட்டது என்று சொல்ல: வீர் ஹாபென் கைனென் பெட்டோங் மேர். அந்த 'கைனென்' ஆண்பாலைக் காட்டிக்கொடுக்கிறது. பெயரடை சேர்ந்தால் ஆர்ட்டிகல் விட்ட இடத்தைப் பெயரடையின் வால் (விகுதி) நிரப்பும். 'புதிய கான்கிரீட்' என்பது: ஃப்ரிஷர் பெட்டோங் (எழுவாய்), ஃப்ரிஷென் பெட்டோங் (செயப்படுபொருள்), மிட் ஃப்ரிஷெம் பெட்டோங்.

அளவுக்கு வந்தால், இரண்டு மூட்டை சிமெண்ட் 'ட்ஸ்வை ஸாக் ட்ஸெமென்ட்'. மூட்டை பன்மையாகாது. 'ட்ஸ்வை ட்ஸெமென்ட்ஸெக்கே' என்றால் இரண்டு சாக்குகள்; காலியாகவும் இருக்கலாம். பெண்பால் அளவுச்சொல் பன்மையாகும்: ட்ரை டோன்னென் கீஸ் (மூன்று டன் சரளை).

இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பழகுவதற்கு, வீட்டுவேலைக்கான கான்கிரீட் கலவைக் குறிப்பைவிட நல்ல பயிற்சி கிடையாது. விகிதம் 1 பங்கு சிமெண்ட், 4 பங்கு சரளைமணல், அரைப் பங்கு தண்ணீர்: ஐன் டைல் ட்ஸெமென்ட், ஃபீர் டைலே கீஸ், ஐன் ஹால்பர் டைல் வாஸ்ஸர். ('டைல்' ஆண்பாலாக இருந்தும் பன்மையாகிறது, 'ஸாக்' போல அல்ல.) பிறகு செய்முறை (சிமெண்டைச் சரளையோடு கலக்க; தண்ணீரைச் சேர்க்க; கான்கிரீட்டைப் பலகையடைப்புக்குள் ஊற்ற; 28 நாளுக்குப் பிறகு அது தன் நிலையான வலிமையை அடைந்திருக்கும்):

டேன் ட்ஸெமென்ட் மிட் டேம் கீஸ் மிஷென்.
டாஸ் வாஸ்ஸர் டாட்ஸுகேபென்.
டேன் பெட்டோங் இன் டீ ஷாலுங் கீஸென்.
நாஹ் 28 டாகென் ஹாட் ஏர் ஸைனே நோர்ம்ஃபெஸ்டிக்கைட் எர்ரைஹ்ட்.

மூன்றாவது வரியில் ஊற்றும் அசைவு இருப்பதால் 'இன் டீ ஷாலுங்'. மேலே பார்த்த இறுகும் வாக்கியத்தில் அசைவு இல்லை, அதனால் 'இன் டேர் ஷாலுங்'. கடைசி வரி 28 நாளில் அளக்கப்படும் நிலையான வலிமையைச் சொல்கிறது. அதில் 'ஏர்', 'ஸைனே' இரண்டும் பெட்டோங்கின் ஆண்பாலைச் சுமக்கின்றன. இந்த வரிகளைப் பார்க்காமல் எழுதி, ஒவ்வொரு ஆர்ட்டிகலுக்கும் பக்கத்தில் பால், வேற்றுமை இரண்டையும் குறித்துப் பாருங்கள். தடுமாறும் இடம் எதுவோ, அதற்கு மட்டும் அட்டை போட்டால் போதும்.

வினைகளில் இரண்டு பொறிகள். கான்கிரீட் போடுவது 'பெட்டோனீரென்'. 'பெட்டோனென்' என்றால் வலியுறுத்துவது. 'டீ பெட்டோனுங்' சொல்லழுத்தம். கட்டடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதேபோல் சுவருக்குப் பூச்சு பூசுவது 'ஃபெர்புட்ஸென்'. வெறும் 'புட்ஸென்' என்றால் சுவரைத் துடைக்கிறீர்கள்.

டெல்க் பி1 என்ற ஜெர்மன் மொழித் தேர்வின் 'ஷ்ப்ராஹ்பவுஸ்டைனே' (மொழிக்கூறுகள்) பகுதியில் கோடிட்ட இடத்தை நிரப்பும்போது, பெயர்ச்சொல்லை மட்டும் பார்க்காமல் முன்னிடைச்சொல்லையும் வினையையும் முதலில் பாருங்கள். வேற்றுமை அங்கிருந்துதான் வருகிறது. எழுத்துத் தேர்விலோ பேச்சுத் தேர்விலோ பால் மறந்துபோனால், பொருட்பெயர்கள் ஒரு சலுகை தருகின்றன: ஆர்ட்டிகல் இல்லாமலே பேசலாம். 'மான் ப்ரவுஹ்ட் ட்ஸெமென்ட், கீஸ் உண்ட் வாஸ்ஸர்' (சிமெண்ட், சரளை, தண்ணீர் தேவை) முழுக்கச் சரியான வாக்கியம். பெயரடை சேர்க்காதீர்கள், அதன் வாலுக்குப் பால் தெரிந்தாக வேண்டும். அடுத்த வாக்கியத்தில் 'ஏர்' அல்லது 'எஸ்' என்று ஊகிப்பதற்குப் பதில் 'டீஸெஸ் மாட்டெரியால்' (இந்தப் பொருள்) என்று எழுதலாம். மாட்டெரியால் அலிப்பால், அதன் பால் உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கும்.