இரவல் வாங்கியதா, கொடுத்ததா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகள் நேற்று, "அப்பா, கேன் யூ பாரோ மீ யுவர் இரேசர்?" என்று அழிப்பான் கேட்டாள். "பாரோ இல்லம்மா, லெண்ட்" என்றேன். "ஸ்கூல்ல எல்லாரும் இப்படித்தான்பா சொல்றாங்க."

சொல்லத்தான் செய்வார்கள். கூடப் படிக்கும் சீனப் பிள்ளைகளின் மொழியில் இரண்டுக்கும் 'ஜியே' என்று ஒரே சொல்தான். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. இரவல் வாங்கு, இரவல் கொடு என்று தமிழ் தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறது. வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட். கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன்.

அந்தப் பெருமை பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. மடிக்கணினியில் நான் எழுதிக்கொண்டிருந்த மின்னஞ்சலை எட்டிப் பார்த்தவள், "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்... ராங் பா!" என்றாள்.

மாட்டிக்கொண்டேன். 'அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன்' என்பதை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறேன். நமக்கு நிகழ்காலமே போதும். ஆங்கிலத்துக்கு 'ஹேவ் பீன் வொர்க்கிங்' வேண்டும். அப்புறம் அந்த சின்ஸ். தொடங்கிய புள்ளியைச் சொன்னால்தான் அது வரும்: சின்ஸ் 2019, சின்ஸ் மண்டே. எவ்வளவு காலம் என்றால் ஃபார்: ஃபார் ஃபைவ் இயர்ஸ். தமிழில் 'திங்கள்கிழமையிலிருந்து', 'அஞ்சு வருஷமா' என்று விகுதியே வேலையை முடித்துவிடுவதால், இந்த இடத்தில் கை தானாகவே தவறுகிறது.

இங்கே நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லும் இயக்கம் தொடங்கியது 2000இல். எங்கள் வீட்டுக்கு நேற்றுதான் வந்து சேர்ந்தது.

இரேசர் இன்னும் திரும்பி வரவில்லை.