லிப்டன் சீட்: ஏற த்ரீவீல், இறங்கக் கால்

தங்கச்சி ஜோர்தானில் கார்மென்ட்ஸ் வேலையில் இருக்கிறாள். போன ஆகஸ்டில் லீவுக்கு வந்தவள், பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். "அண்ணே, அம்மாவக் கூட்டிக்கிட்டு எங்கயாவது நடக்கப் போவோம். ஆனா லேசான நடையா இருக்கணும்."

லேசான நடை என்றால் என்ன என்பதில்தான் வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். அம்மாவுக்கு 64 வயது. முப்பது வருடம் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர். இப்போது வலது முழங்கால் அவர் சொல் கேட்பதில்லை. தங்கச்சியின் கணக்குக்கு அளவுகோல் ஜோர்தானில் பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ரா. அங்கே ஒரு லீவு நாளில் கூட வேலை செய்யும் பெண்களோடு போய் வந்திருக்கிறாள். சீக் என்று ஒரு பிளவு, மணற்கல் மலை இரண்டாகப் பிரிந்து நடுவில் பாதை. 1.2 கிலோமீட்டர்தான் நீளம். இரண்டு பக்கமும் செங்குத்தாய்ச் சுவர், சில இடங்களில் 80 மீட்டர் உயரம். ஒடுங்கிய இடத்தில் அகலம் மூன்று மீட்டர் சொச்சம். சுவரோரமாக, அந்த நகரத்தை உண்டாக்கிய நபாத்தியர்கள் வெட்டிய தண்ணீர்க் கால்வாய் இன்னும் இருக்கிறதாம். போகும்போது இறக்கம், சிரமமே இல்லை. திரும்பும்போது அதே தூரம் வெயிலில் ஏற்றமாகிவிடும். காலை ஆறு மணிக்குத் திறந்ததும் உள்ளே போனவர்கள் பிழைத்தார்கள், பத்து மணிக்குப் போனவர்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள் என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பாலைவனத்தில் வெயிலைவிடப் பயப்பட வேண்டியது மழைக்கு. எங்கோ மேலே பெய்யும் மழை, வானம் வெளுத்திருக்கும்போதே பிளவுக்குள் வெள்ளமாக வந்துவிடும். 1963இல் அப்படி வந்த வெள்ளத்தில் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் வாசலில் அணை கட்டி, பழைய நபாத்தியர் சுரங்கம் வழியாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்களாம்.

அதுவரை பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, "அதையேதான் நானும் சொல்றேன். ஐப்பசியில மலப்பக்கம் உலாத்தப் போகக்கூடாது" என்றார். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போன நாளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. எங்கள் ஊவா மாகாணத்தில் மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். அந்த மாதங்களில் வர நினைப்பவர்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். நாங்கள் போனது ஆகஸ்ட் என்பதால் அந்தக் கவலை இல்லை. காற்று மட்டும் ஆளைத் தள்ளும்.

சரி, எங்கே போவது? எல்லயில் சின்ன சிவனொளிபாதமலை தூரம் குறைவுதான், ஆனால் கடைசியில் படி. அம்மாவின் முழங்கால் படி என்றாலே முறைக்கும். ஹோர்ட்டன் சமவெளி ஒன்பது கிலோமீட்டர் சுற்று. குளிரும் அதிகம், செலவும் அதிகம். கடைசியில் அப்புத்தளைக்கு மேலே இருக்கும் லிப்டன் சீட் என்று முடிவானது. கிட்டத்தட்ட 1,970 மீட்டர் உயரம். இதில் வசதி என்னவென்றால், உச்சி வரை த்ரீவீல் போகும். அங்கிருந்து தம்பேதன்ன தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) வரை ஏழு கிலோமீட்டர் தோட்டத்து ரோட்டில் இறங்கி நடந்தால், கீழே அப்புத்தளைக்கு பஸ். ஏழு கிலோமீட்டரைக் குறுகிய நடை என்று சொல்வது கொஞ்சம் பொய்தான். ஆனால் வழியில் எங்கே முடியாமல் போனாலும், ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் த்ரீவீல் ஒன்றை நிறுத்தி ஏறிக்கொள்ளலாம். எனக்கு அந்தத் தைரியம் போதுமாக இருந்தது.

இங்கேயும் நேரம்தான் எல்லாம். ஒன்பது மணிக்கு மேல் கீழிருந்து பனிமூட்டம் ஏறினால் உச்சியில் உங்கள் கையைத்தான் பார்க்கலாம். அதனால் விடியும்போது மேலே இருக்க வேண்டும். பண்டாரவளையிலிருந்து அதிகாலை நாலேகாலுக்கு என்று த்ரீவீல் பேசினோம். வந்தது நாலே முக்கால். கேட்டதற்கு அவர் சொன்ன காரணத்தை நாங்கள் நம்பவில்லை, ஆனால் அந்த நேரத்தில் யாரோடு சண்டை போடுவது? சூரியன் உதித்ததை உச்சிக்குப் போகும் முன்பே ஒரு வளைவில் த்ரீவீலுக்குள் இருந்தபடிதான் பார்த்தோம்.

வழியில் ஒரு சின்னக் கட்டணம். மேலே தோமஸ் லிப்டன் ஒரு பெஞ்சில் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். கிளாஸ்கோவில் மளிகைக்கடை வைத்திருந்தவர் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். கீழே இருக்கும் ஸ்டோரும் அதே வருடத்துக் கட்டடம். இங்கே உட்கார்ந்துதான் தன் தோட்டங்களைப் பார்ப்பாராம். ஐந்து மாகாணம் தெரியும் என்பார்கள். நாங்கள் எண்ணவில்லை. தெற்கே சமவெளியில் ஒரு பெரிய குளம் தகடு மாதிரி மின்னியது. தங்கச்சி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டாள். அம்மாவையும் கூப்பிட்டாள். "தொர பக்கத்துல நான் எதுக்கு" என்று அம்மா நகர்ந்துவிட்டார்.

இறங்கத் தொடங்கியதும்தான் அம்மாவுக்கு உயிர் வந்தது. கையில் ஒரு கம்பு, நிதானமாக நடை. காட்சியை அவர் பார்க்கவே இல்லை, செடியைத்தான் பார்த்தார். ஒரு வளைவில் நின்று, கை நீட்டி ஒரு கொழுந்தை ஒடித்தார். இரண்டு இலை, நடுவில் மொட்டு. விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மலைக்கு இன்னும் ரெண்டு நாள்ல ஆள் விடலன்னா முத்திப் போகும்" என்றார். அடுத்த மலையில் கவ்வாத்து வெட்டி, செடிகள் எலும்பு மாதிரி நின்றன. "வெட்டுனவன் அவசரக்காரன். தழும்பப் பாரு." எனக்கு எல்லா வெட்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

கீழே ஒரு நிரையில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள், "எந்தத் தோட்டம் நீங்க?" என்று கேட்டார்கள். அம்மா சொன்னார். அதற்கப்புறம் கால் மணி நேரம் போனது தெரியவில்லை. கிலோ விலை, நாள் பேர் (நாள் சம்பளக் கணக்கு), கங்காணி, யார் மகள் கொழும்புக்குப் போனாள் எல்லாம் வந்தது. நடையில் நாங்கள் ஓய்வெடுத்தது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

போக நினைப்பவர்களுக்கு: இறக்கம்தானே என்று செருப்போடு போகாதீர்கள், முழங்காலுக்கும் கால் விரலுக்கும் அடி இறக்கத்தில்தான். காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும், ஏழரைக்கு மேல் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிவிடுவீர்கள். மழைக்காலம் என்றால் அட்டைக்கு ஒரு துண்டு சவர்க்காரம். அம்மா அதை ஆகஸ்டிலும் மடியில் முடிந்து வந்திருந்தார்.

ஸ்டோருக்கு வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் உச்சி இருந்த இடத்தில் வெள்ளை மட்டும். பஸ் வர நேரம் இருந்ததால் ஒரு கடையில் உட்கார்ந்து பிளேன்டீயும் ரொட்டியும் கட்டச் சம்பலும். அப்போதுதான் தங்கச்சியின் பையில் இருந்து ஒன்றரை லீட்டர் போத்தல்கள் மூன்று வெளியே வந்தன. ஆளுக்கு ஒன்று; பாலைவனக் கணக்கு. இரண்டின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஏழு கிலோமீட்டர் அதைச் சுமந்திருக்கிறாள்.

அம்மா ஒன்றை வாங்கித் திறந்து, கடை வாசலில் நின்று காலைக் கழுவிக்கொண்டார்.