எப்போதும் வென்றான் ஒண்ணு கொடுங்க

போன வருஷம் கார்த்திகையில் ஒரு நாள், தூத்துக்குடியில் உள்ளூர் பஸ் ஒன்றில் ஏறி, "எப்போதும் வென்றான் ஒண்ணு கொடுங்க" என்று நடத்துனரிடம் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மெஷினில் இரண்டு பொத்தானை அழுத்தினார், சீட்டு வந்தது, சில்லறையோடு என் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்து பெயர்ப்பலகையில் பார்த்துச் சிரித்த ஊர். ஒருமுறைகூட அங்கே இறங்கியதில்லை. இப்படிச் சிரிப்பு மூட்டுகிற பெயருள்ள ஊர்களுக்கெல்லாம் போய் இறங்கி, அந்தப் பெயர் என்ன சொல்கிறது என்று விசாரித்து, ஒரு அத்தாட்சியோடு திரும்புவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பதின்மூன்று மாதம் ஆகிறது. இதுவரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஆசை வந்தது அதற்கும் முன்னால், மணியாச்சியில். எங்கள் பக்கம் பாட்டியை ஆச்சி என்போம். சின்ன வயதில் ரயில் மணியாச்சி சந்திப்புக்குள் நுழையும்போது அக்கா என் தலையை ஜன்னல் பக்கம் திருப்பி, "ஏளா, மணியாச்சி வந்துட்டு, ஆச்சிக்கு டாட்டா காட்டு" என்பாள். மணி என்று ஒரு ஆச்சி அந்த ஊரில் இருக்கிறாள் என்றே ரொம்ப நாள் நம்பினேன். அப்பாவுக்கு அது வேறு மாதிரி. "மணியாச்சு, மணியாச்சு" என்று பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றுகொள்வார். பிறகு பாடப் புத்தகத்தில் அதே ஊர் வந்தது. 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன், திருநெல்வேலி கலெக்டராக இருந்த ஆஷை அந்த நிலையத்தில் நின்ற ரயில் பெட்டியில் சுட்டதும், உடனே தன்னையும் சுட்டுக்கொண்டதும். நிலையத்தின் பெயரே இன்று வாஞ்சி மணியாச்சி. டாட்டா காட்டிய அதே நடைமேடை. ஒரே பெயருக்குள் இத்தனை கிடக்கிறது என்று முதலில் தெரிந்தது அங்கேதான்.

முதல் ஐந்து மாதம் அத்தாட்சியாகப் பஸ் டிக்கெட்டுகளைச் சேர்த்தேன். ஏறிய இடம், இறங்கிய இடம் இரண்டும் சீட்டில் அச்சாகி வரும் என்பதால் அதைவிடப் பொருத்தமானது கிடையாது என்று நினைத்தேன். 9 டிக்கெட் சேர்ந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பத்தில் ஒவ்வொன்றாகச் செருகி, பீரோவின் மேல் வைத்தேன். மேலே தகரக் கூரை. சித்திரையில் எடுத்துப் பார்த்தால் 9 சீட்டும் வெள்ளைத்தாள். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றில் மட்டும் "வென்" என்று இரண்டு எழுத்து சாம்பலாகத் தெரிந்தது. அந்த மெஷினில் மை கிடையாது, சூட்டில் கருக்கும் தாள் அது. வெயிலும் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்தால் நிற்காது என்று அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். டிக்கெட் சேர்க்கிறவர்கள் அன்றைக்கே படம் எடுத்து வைத்துவிடுங்கள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்காதான் வழி சொன்னாள். "போஸ்ட் கார்டு போடேன். அந்த ஊர் முத்திரையோட வரும்லா." 50 காசு அட்டை. என் முகவரியை எழுதி, ஊர்ப்பெயருக்கு எனக்குத் தெரிந்த பொருளை இரண்டு வரியில் எழுதி, அந்த ஊர் அஞ்சலகத்திலேயே கொடுத்துவிட்டு வர வேண்டியது. தபால் முத்திரையின் மை வெயிலுக்கு மங்காது. ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தில்தான் வட்டமாக வரும். அது ஒரு குறைதான், ஆனால் தேதியும் சேர்ந்து கிடைக்கிறதே. பெயர் நீளமாக இருந்தால் வட்டத்தின் பாதியைச் சுற்றி வளைந்து வருவதைப் பார்க்கவே அழகு.

இதில் பழகிய இரண்டு விஷயம். கிராமத்துக் கிளை அஞ்சலகங்கள் நாளுக்குச் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் பூட்டைப் பார்த்துவிட்டு வரலாம், எனக்கு இரண்டு முறை அப்படி ஆயிற்று. இன்னொன்று, அட்டையைப் பெட்டியில் போடாமல் கையில் கொடுத்து, "சேகரிக்கிறேன், கொஞ்சம் தெளிவா அடிச்சுத் தாங்க" என்று கேட்க வேண்டும். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. ஒரு அஞ்சலகத்தில் இருந்த பெரியவர் முத்திரையை எடுத்துத் தேதி எண்கள் நேராக இருக்கிறதா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். மைப்பஞ்சில் லேசாக ஒற்றி, பழைய செய்தித்தாளில் ஒருமுறை அடித்து அதிக மையை எடுத்தார். அப்புறம் என் அட்டையின் கீழே ஒரு கணக்கு நோட்டை வைத்து, முத்திரையை இடது ஓரத்தில் வைத்து வலது பக்கமாக மெதுவாகச் சாய்த்து அழுத்தினார். ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. "ஓங்கி அடிச்சா நடுவுல மட்டும்தாம்மா விழும்" என்றார். என் ஆல்பத்தில் இருப்பதிலேயே நல்ல முத்திரை அதுதான்.

அட்டையோடு எப்போதும் வென்றானுக்கு மறுபடியும் போனேன். முதல் தடவை போனபோது டீ குடித்துவிட்டு, பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இந்தத் தடவை பெயரை யோசித்துக்கொண்டே போனேன். "எப்போதும் வென்றான்" என்பதை ஒரு முழு வாக்கியமாக, வினைமுற்றாகப் படிப்பதால்தான் சிரிப்பு வருகிறது. யாரோ ஒருவர் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருந்தார் என்று தகவல் சொல்வதுபோல இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வினையாலணையும் பெயர் என்று படித்தோமே, அப்படிப் படித்தால் அது ஒரு பட்டப்பெயர்: எப்போதும் வென்றவன். திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான் இருக்கிறது, காவிரிப் பக்கம் முடிகொண்டான் இருக்கிறது. அங்கே யாரும் சிரிப்பதில்லை. மன்னர்களின் விருதுப் பெயர்கள் ஊருக்கு வந்து ஒட்டிக்கொண்ட வரிசை அது. இந்த ஊரையும் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தபிறகு பலகையின் முன்னால் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஒரு மரியாதை வந்தது.

இன்னொன்றும் மனதில் தங்கிவிட்டது. அங்கிருந்து தூத்துக்குடிப் பக்கம் வந்தால் குறுக்குச்சாலை, அங்கே திரும்பினால் பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை திரும்பக் கட்டிய கோட்டை 1801-இல் விழுந்தபிறகு, அந்த இடத்தை இடித்து உழுது ஆமணக்கு விதைத்து, ஊரின் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னது கிழக்கிந்தியக் கும்பினி அரசு. பெயரை அழித்தால் ஊரையே அழித்த மாதிரி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அழியவில்லை. பக்கத்து ஊர்ப் பலகையில் "எப்போதும் வென்றான்" என்றும் எழுதியிருக்கிறது. அன்று இரண்டு ஊருக்கும் ஒரே பஸ் பயணத்தில் போய் வந்தேன்.

அடுத்து சாத்தான்குளம். வெளியூர்க்காரர்கள் அதிகம் திகைக்கிற பெயர் இதுதான். பைபிளில் வருகிற சாத்தானை நினைத்துக்கொள்கிறார்கள். சாத்தன் என்பது நம்முடைய பழைய பெயர். சீத்தலைச் சாத்தனார் என்ற புலவரின் பெயரில் இருப்பது அதுதான். ஐயனாருக்கும் சாத்தன் என்று பெயர் உண்டு. எங்கள் பக்கம் பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிற சாஸ்தா என்கிற ஐயனார் கோயில்கள் எத்தனையோ குளக்கரையிலும் கண்மாய்க் கரையிலும்தான் இருக்கின்றன. சாத்தன் குளம் பேச்சில் நீண்டு சாத்தான்குளம் ஆனது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஊரைப் பற்றி இப்போது சிரித்துப் பேச முடியாது. 2020-இல் அங்கே காவல் நிலையத்தில் அடிபட்ட ஒரு தகப்பனும் மகனும் இறந்தபிறகு, அந்தப் பெயரைக் கேட்டால் மனதில் வருவது வேறு. அட்டையில் பொருளை மட்டும் எழுதினேன்.

பக்கத்திலேயே பேய்க்குளம். டீக்கடை அம்மாவிடம் பெயரைப் பற்றிக் கேட்டேன். "பேயெல்லாம் இல்லம்மா, கெண்டைதான் இருக்கு" என்றார்கள். அதே சுற்றில் முதலூரும் வந்தது. 1799-இல் கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களுக்கென்று உண்டாக்கிய முதல் குடியிருப்பு, அதனால் முதலூர். பெயர் வைத்தவர்கள் நேரடியாக வைத்திருக்கிறார்கள். தேங்காய்ப்பால் சேர்த்துச் செய்யும் மஸ்கோத் அல்வாவுக்குப் பெயர்போன ஊர். கால் கிலோ வாங்கினேன், வீடு வந்து சேர்ந்தது பாதிதான். கொஞ்சம் தள்ளி நாசரேத். அதற்குப் பழைய பெயர் சாண்பத்து. ஒரு சாணிலிருந்து ஏசு வளர்ந்த ஊர்வரைக்கும் போன பெயர் என்று என் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

எது சிரிப்பு என்பது கேட்கிற காதைப் பொறுத்தது. கல்லூரி விடுதியில் என்னோடு இருந்த பாலக்காட்டுத் தோழி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று பஸ் பலகை வந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். எனக்கு அது ஆடு மாடு அடைக்கிற பட்டி, சின்ன ஊர். அவளுக்கோ தெருத்தெருவாக நாய். காரைக்குடி, மன்னார்குடியில் இருக்கிற குடியைச் சிலர் மதுக்கடையோடு சேர்த்துக் கேலி செய்வது எனக்குப் பிடிப்பதில்லை. குடியிருப்பு, குடிமக்கள் எல்லாம் அந்தச் சொல்லிலிருந்து வந்தவை. வேடிக்கையான ஊர்ப்பெயர்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் ஒரு வரி பொருளும் சேர்த்துப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இத்தனை நாளில் என்னை அதிகம் உலுக்கியது ராமேஸ்வரம் தீவு. பாம்பன் பாலம் தாண்டினதும் வரிசையாக அக்காள்மடம், தங்கச்சிமடம், பேய்க்கரும்பு. சின்ன வயதில் ராமேஸ்வரம் போனபோது அக்கா என்னைப் பார்த்து, "அச்சம், மடம், நாணத்துல வர்ற மடம் இது. தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஊருக்கே பேரு வெச்சிருக்காங்க" என்றாள். அக்காள்மடம் என்று ஒரு ஊர் அதற்கு முன்பே கடந்து போயிருந்ததை நான் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டாள்.

மடம் என்பது இங்கே யாத்திரைக்காரர்கள் தங்குகிற சத்திரம். அந்தச் சத்திரங்களுக்குப் பின்னால் ஒரு கதை சொல்கிறார்கள். சேதுபதி மன்னர் ஒருவர் தன் இரண்டு மகள்களையும் ஒரே மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார். அந்த மாப்பிள்ளை, கடலைத் தாண்டி ராமேஸ்வரம் போகிற பக்தர்களிடம் வரி வாங்கினார். மன்னருக்குத் தெரிந்தது, மருமகன் என்றும் பார்க்காமல் மரண தண்டனை கொடுத்தார். இரண்டு பெண்களும் கணவனோடு உடன்கட்டை ஏறினார்கள். அக்கா நினைவாக ஒரு மடம், தங்கை நினைவாக ஒரு மடம். தங்கச்சிமடத்துப் பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி இதைச் சொல்லிவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனாக. ஊரு மட்டும் தனித்தனியா நிக்கி" என்றார். நான் அதை அப்படியே அட்டையில் எழுதினேன். அந்த ஒரு அட்டைக்கு மட்டும் என் முகவரியை எழுதவில்லை, அக்காவின் முகவரியை எழுதினேன்.

பேய்க்கரும்பில் எல்லோரும் கலாம் நினைவிடத்துக்காக இறங்குகிறார்கள். 2015 ஜூலை 30 அன்று அவரை அடக்கம் செய்த இடம், நினைவிடம் திறந்தது 2017 ஜூலை 27. பெயரைப் பார்த்து முகம் சுளித்த ஒரு குடும்பம் வாசலில் நின்றது. பேய்ச்சுரை, பேய்ப்புடல் மாதிரித்தான் பேய்க்கரும்பும்: தானாக வளர்வது, வாயில் வைக்க முடியாமல் கசப்பது. பட்டினத்தார் கையில் வைத்திருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்று கதை உண்டல்லவா, அதை அந்தக் குடும்பத்துச் சின்னப் பையனிடம் சொன்னேன். "அப்போ இங்கேயும் இனிக்குமா?" என்று கேட்டான். அவன் கேள்வியை அட்டையில் எழுதி அனுப்பினேன்.

இப்போது ஆல்பத்தில் 11 அட்டை இருக்கிறது. டிக்கெட் வெளுத்துப்போன ஊர்களில் நான்குக்கு இன்னும் திரும்பப் போகவில்லை. தை மாதம் அரியலூர்ப் பக்கம் மீன்சுருட்டி போகலாம் என்று இருக்கிறேன். பாண்டியனின் மீன் கொடியைச் சுருட்டிய இடம் என்று ஊர்க்காரர்கள் சொல்வதை நேரில் கேட்க வேண்டும். தங்கச்சிமடம் அட்டையை அக்கா எனக்கே திருப்பித் தந்துவிட்டாள், ஆல்பத்தில் வைக்கச் சொல்லி. அதற்கு எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. அக்காள்மடத்துக்கு அவளே வந்து, அவள் கையால் எழுதி, என் முகவரிக்குப் போடட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு அடுத்த வாரம் லீவு கேட்டிருக்கிறாள்.