மலையில் ஆப்சென்ட் கணக்கு போடுவதைப் பற்றி

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில், ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். வருகைப்பதிவு சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்கள் பலரும் முதலில் திறந்து காட்டுவது, ஒருவர் வராமல் போவதை ஒரே எண்ணாகச் சொல்லும் பிராட்ஃபோர்டு ஸ்கோரைத்தான். அந்த எண்ணை வைத்து யாருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி, ஏன் என்று சொல்கிறேன்.

பிரிட்டனில் 1980களில் புழக்கத்துக்கு வந்த கணக்கு இது. ஒருவர் 52 வாரத்தில் எத்தனை தடவை லீவு எடுத்தார் என்பதை அதே எண்ணால் பெருக்கி, வந்த விடையை மொத்த லீவு நாட்களால் மறுபடி பெருக்க வேண்டும். தொடர்ந்து 8 நாள் வராதவருக்கு ஸ்கோர் 8. அதே 8 நாளை ஒவ்வொரு நாளாக எட்டுத் தடவை எடுத்தவருக்கு 512. வேலைக்குப் போன நாட்கள் இருவருக்கும் ஒன்றுதான். திடீர் திடீரென்று ஒரு நாள் வராமல் போனால் ஷிஃப்ட்டை நிரப்புவது கஷ்டம் என்பது இதன் பின்னால் இருக்கும் யோசனை, அது உண்மையும்கூட. கொழுந்து வந்து குவிந்த நாளில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி மெஷின் பக்கம் ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் எட்டுத் தடவை ஒவ்வொரு நாளாக லீவு எடுப்பவர் யார்? வீசிங் வரும் குழந்தையை வைத்திருக்கும் அம்மா, மாதம் ஒரு தடவை மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குப் போகிறவர். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆதிவாசி மக்களிடம் சிக்கிள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய் உண்டு. குளிரும் உடல் அசதியும் போதும், வலி கிளம்பிவிடும், ஓரிரு நாள் படுத்துவிட்டு எழுந்து வருவார்கள், சில வாரம் கழித்து மறுபடியும் வரும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலேயே இந்த நோய் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரைத்தான் பெருக்கல் கணக்கு மட்டம் போடுபவர் என்று சிவப்பில் காட்டும். எத்தனை தாண்டினால் எச்சரிக்கை என்ற எல்லையையும் ஒவ்வொரு நிறுவனமும் தானே வைத்துக்கொள்கிறது, எந்தச் சட்டத்திலும் அது கிடையாது.

அப்புறம் மழை. கூடலூருக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும், குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபருக்குப் பிறகு வரும் வடகிழக்குதான் பெரிது. இரண்டு பக்கமும் கிளை வைத்திருப்பவர்கள் ஒரே மாதத்தின் ஆப்சென்ட் சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மழையைத்தான் அளக்கிறார்கள், ஆட்களை அல்ல. 2009 நவம்பரில் மண்சரிவால் மலைச்சாலைகள் துண்டானதே, அந்த நாட்களில் வேலைக்கு வராதவரின் பெயருக்கு நேராக எதைப் போடுவது? பந்தலூரில் காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பியவர் பாதையில் யானை நின்றால் திரும்பித்தான் போக வேண்டும். சாலை அடைப்பு, யானை, பஸ் வராதது எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் தனிக் குறியீடு வேண்டும், ஆள் கணக்கில் அவை சேரவே கூடாது.

இன்னொன்று, நிறைய இடத்தில் ஈட்டிய விடுப்பையும் ஆப்சென்ட்டையும் ஒரே கட்டத்தில் கூட்டிவிடுகிறார்கள். 20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்தது, 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும் இருந்தது. உழைத்துச் சேர்த்த நாள் அது, முன்கூட்டிச் சொல்லி எடுத்தால் அதை எப்படிக் குறையாக எண்ண முடியும்? ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் படுகர் ஊர்கள் மொத்தமும் லீவு கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்கு முன்பே ஷிஃப்ட்டை மாற்றிப் போடுவது டைம் ஆபீஸின் வேலை.

வருகை போனஸ் பற்றியும் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒரு நாள்கூட லீவு எடுக்காதவருக்கு மட்டும் பணம் என்றால் காய்ச்சலோடு வருவார்கள், காய்ச்சலில் தலைசுற்றும் ஆளை சிடிசி ரோலர் பக்கத்தில் நிறுத்துவது ஆபத்து.

சம்பளம் போட்ட மறுநாள் மட்டும் மாதா மாதம் காணாமல் போகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதற்கும் ஸ்கோர் தேவையில்லை, தேதிகளை வரிசையாகப் பார்த்தாலே தெரிகிறது. திரும்பி வந்த அன்று தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து "என்ன ஆச்சுண்ணே?" என்று முதலில் கேட்க வேண்டும், மெமோ எல்லாம் அதற்கு அப்புறம்தான். கேட்டால்தான் குடியா, கடன்காரன் தொல்லையா, வீட்டில் படுத்திருக்கும் அப்பாவா என்று தெரியவரும், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. சூபர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்தினால் அடுத்த தடவை அவர் உண்மையைச் சொல்ல மாட்டார். சொன்ன நோய் விவரமும் டைம் ஆபீஸைத் தாண்டிப் போகக் கூடாது, சூபர்வைசருக்கு எத்தனை நாள் வர மாட்டார், இலகு வேலை கொடுக்க வேண்டுமா என்பது தெரிந்தால் போதும்.