24-க்கு 12

"என் ஜாப் நாலு ஸ்விட்ச்ல பரவினா என்ன ஆகும்?" எங்கள் புதிய கம்ப்யூட்டர் கிளஸ்டரின் டிசைன் கூட்டத்தில், அதில் கணக்கு ஓட்டப்போகும் மேடம் கேட்டது அவ்வளவுதான். நோடு எனப்படும் பல கம்ப்யூட்டர்களை ஸ்விட்ச் என்ற இணைப்புப் பெட்டிகளால் கோத்த மெஷின் அது. அதில் ஓட்டும் ஒவ்வொரு கணக்கும் ஒரு ஜாப்.

"கொஞ்சம் மெதுவாகும் மேடம். ஆனா அப்படிப் பரவுற ஜாப் ரொம்பக் குறைவு" என்றேன். தலையாட்டினார். டிசைன் ஒப்புதலானது.

36 போர்ட் ஸ்விட்ச். கீழே நோடுகளுக்கு 18, மேலே மற்ற ஸ்விட்ச்களை நோக்கிப் போகும் கேபிள்களுக்கு 18 என்று பிரித்தால் முழு ஃபேட் ட்ரீ, அதாவது மேலே போகும் வழி எங்கும் குறுகாத மர அமைப்பு. இந்த அமைப்பை முன்வைத்த லைசர்சன் 1985-இல் சொன்னபடி வேரை நோக்கிப் போகப் போகக் கிளை பருக்கும். நாங்கள் போட்டது கீழே 24 நோடு, மேலே 12 கேபிள். மிச்சமான பணத்தில் கூடுதல் நோடுகள் வந்தன. அந்த பட்ஜெட்டில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். பக்கத்து நோடுகளோடு மட்டும் எல்லைத் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜாப்களுக்கு இது தாராளம்.

மேடத்தின் டர்புலன்ஸ் (கொந்தளிப்பான ஓட்டம்) கணக்கு வேறு ரகம். அவர் பயன்படுத்தும் எஃப்எஃப்டி (வேக ஃபூரியர் மாற்றம்) என்ற கணக்கு முறையில் ஒவ்வொரு நோடும் மற்ற எல்லா நோடுகளுக்கும் தரவு அனுப்பும். நாலு ஸ்விட்ச்சில் 96 நோடு என்றால் ஒவ்வொரு நோடும் அனுப்பும் தரவில் முக்கால்வாசி சொந்த ஸ்விட்ச்சைத் தாண்டியாக வேண்டும். 24-இல் முக்கால் 18. இருப்பதோ 12 கேபிள். கூட்டத்துக்குப் போகும்போதே இந்தக் கணக்கு என் நோட்டில் இருந்தது. ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் என்று சொல்லலாமா? தரவு பரிமாறும் நேரம்தானே அப்படி நீளும், மொத்த ஓட்டமும் இல்லையே. தவிர, எங்கள் இன்ஃபினிபேண்ட் நெட்வொர்க்கில் பாதைகள் முன்கூட்டியே அட்டவணையில் எழுதப்பட்டவை. முழு ட்ரீ போட்டிருந்தாலும் சில கேபிள்களில் நெரிசல் வந்திருக்கும். இதெல்லாம் உண்மைதான். அன்று இதில் எதையும் நான் சொல்லவில்லை, அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மெஷின் ஓடத் தொடங்கிய அப்புறம் மேல்கேபிள்களின் பயன்பாட்டைக் காட்டும் கிராஃப் பெரும்பாலும் தாழ்வாகவே ஓடியது. "நீங்க சொன்னதுதான் சரி சார்" என்றார் கமிட்டியில் ஒருவர். எனக்கும் சந்தோஷம்தான், ஜாப் பட்டியலைப் பார்க்கும் வரை. மேடம் 24 நோடுக்கு மேல் கேட்பதே இல்லை. அதற்கேற்பக் கணக்கின் கிரிட்டை, அதாவது புள்ளி வலையை, சிறிதாக்கிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டேன்.

"பெரிசா கேட்டா க்யூவுலயும் காத்திருக்கணும். இதுவே போதும்."

க்யூவா, கேபிளா? அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியுமா என்பது சந்தேகம். பெரிய ஜாப் வராததால் கேபிள் காலியா, கேபிள் குறைவு என்பதால் பெரிய ஜாப் வரவில்லையா? கிராஃப் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இப்போது அடுத்த மெஷினுக்கான பேச்சு. அதே கிராஃபைக் காட்டி 27-க்கு 9 போதும் என்கிறார்கள். மறுத்துச் சொல்ல என்னிடம் வேறு கிராஃப் இல்லை.