மார்கழி வெந்நீரும் 1.4 ஓம் மின்தடையும்

ஒடுகத்தூருக்கு அருகே, ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், சென்ற மார்கழியில், வாளிக்குள் போடும் மின்சார ராடில், ஒரு வாளித் தண்ணீர் மாலையில் 13 நிமிடத்தில் காய்ந்தது. விடியற்காலையில் அதே வாளிக்கு 18 நிமிடம் பிடித்தது. "ராடு பூட்ச்சிடா, வேற ஒண்ணு வாங்கினு வா" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாலையில் ஒழுங்காகக் காயவைக்கும் ராடு காலையில் மட்டும் கெட்டுப்போகாது என்பதால், வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டரும், கம்பியைக் கவ்விக் கரெண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ராடின் மேல் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சிட்டிருந்தது. மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை கிடைத்துவிடும்: 230 × 230 ÷ 1500, ஏறத்தாழ 35.3 ஓம். (செய்தித்தாளில் 'நாளை மின்தடை' என்றால் கரெண்டு கிடையாது என்று பொருள், பாடப்புத்தகத்தில் அதே சொல்லுக்குக் கம்பி காட்டும் எதிர்ப்பு என்று பொருள். இங்கே நான் சொல்வது இரண்டாவதை.) பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் இரு பின்களில் மல்டிமீட்டரை வைத்தபோதும் 35-ஐ ஒட்டியே காட்டியது. ராடுக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை, சூட்டினால் அதிகம் மாறாது. பழைய 60 வாட் குண்டு பல்பில் இந்தச் சோதனை பலிக்காது. கணக்கின்படி அதற்கு 882 ஓம் வரவேண்டும், ஆனால் அணைந்து ஆறிய நிலையில் மீட்டர் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. டங்ஸ்டன் இழை வெண்சூடாக எரியும்போதுதான் அந்த 882 உண்டாகிறது.

ஆகவே ராடு நலமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் விடியற்காலை மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றிலும் உள்ள கிணறுகளில் மோட்டார்கள் ஓடத் தொடங்கும். லைனின் கடைசியில் இருக்கும் எங்களுக்கு அப்போது லோ வோல்டேஜ்தான். மறுநாள் காலை அளந்தபோது, ராடைப் போடாத நிலையில், மீட்டர் போர்டிலும் 207 வோல்ட், குளியலறை சாக்கெட்டிலும் 207 வோல்ட் இருந்தது. டெஸ்டரும் பளிச்சென்று எரிந்தது. வயரிங் வேலை செய்யும் தம்பி, "எல்லாம் கரெக்டா இருக்குதுண்ணா" என்று கிளம்பப் பார்த்தார்.

அவரை நிறுத்தி, மெயினை அணைத்து, சாக்கெட்டின் பின்புற முனைகளுக்குப் போகும் கம்பிகளில் மீட்டரின் கிளிப்புகளை மாட்டச் செய்து, பிறகு ராடோடு சேர்த்து மெயினைப் போட்டோம். கிளாம்ப் மீட்டரை இரு கம்பிகளையும் சேர்த்துக் கவ்வவிட்டால் போகிற கரெண்டும் திரும்புகிற கரெண்டும் ஒன்றையொன்று அழித்துச் சுழியம்தான் காட்டும். ஆகவே பேஸ் கம்பியை மட்டும் தனியே கவ்வவிட்டோம். 5.5 ஆம்பியர் ஓடியது. மீட்டர் போர்டில் 203 வோல்ட். கிளிப்பை ஒவ்வொரு முறையும் மெயினை அணைத்தே இடம் மாற்றினோம். சாக்கெட்டில் கம்பியை இறுக்கும் திருகுக்கு அப்பால், ராடுக்குப் போகும் பக்கத்தில் அளந்தபோது 194 வோல்ட்தான் இருந்தது.

194-ஐ 5.5-ஆல் வகுத்தால் அதே 35.3 ஓம், பெருக்கினால் 1067 வாட். மின்னழுத்தம் 230-இலிருந்து 16 விழுக்காடு குறைந்தால் திறன் அதன் வர்க்கத்தில் குறைகிறது, அதாவது 29 விழுக்காடு. தாமதத்துக்கு இதுவே காரணம். என்னை உறுத்தியது வேறு: மீட்டர் போர்டுக்கும் ராடுக்கும் நடுவே 9 வோல்ட் எங்கே போயிற்று? 9 ÷ 5.5, அதாவது 1.6 ஓம். எங்கள் வீட்டில் ஓடுவது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி; போக வர 30 மீட்டருக்கு அதன் மின்தடை 0.2 ஓமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மிச்சம் 1.4 ஓம் ஏதோ ஒரு புள்ளியில் ஒளிந்திருக்க வேண்டும். கரெண்டு ஓடாதவரை அந்த 1.4 ஓம் ஒரு வோல்ட்டைக்கூட விழுங்காது. அதனால்தான் டெஸ்டருக்கும் வெறும் வோல்ட்மீட்டருக்கும் அது அகப்படவில்லை. 1827-இல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தும், வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில் அளக்கவேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அந்த ஒரு புள்ளியில் சூடாக வெளிவருவது 5.5 × 5.5 × 1.4: ஏறத்தாழ 42 வாட். கடைகளில் விற்கும் சாதாரண சாலிடரிங் இரும்பு 25 வாட். மெயினை அணைத்துச் சாக்கெட்டைக் கழற்றினால், நியூட்ரல் திருகு தளர்ந்து, கம்பியின் நுனி கருநீலமாகி, பிளாஸ்டிக் பழுத்துப் பொரிந்திருந்தது. நுனியை வெட்டி, புதுச் சாக்கெட்டில் இறுக முடுக்கினோம். இப்போது ராடில் 201 வோல்ட், 5.7 ஆம்பியர், 1146 வாட்.

இதே வகுத்தலைக் கிணற்று மோட்டாருக்குப் போட்டுப் பார்க்கவேண்டாம். அதில் சுருளின் தூண்டலும் சேர்வதால், வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவது வெறும் மின்தடை அன்று. பெருக்கி வருவதும் வோல்ட்டும் கரெண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் பவர் ஃபேக்டரைச் சேர்க்காமல் வாட் ஆகாது. வோல்டேஜ் இறங்கினால் ராடு கரெண்டைக் குறைத்துக்கொள்ளும். பாரம் இழுக்கும் மோட்டாரோ கூடுதலாக இழுத்துக் காயிலை எரித்துக்கொள்ளும்.

மறுநாள் காலை தண்ணீர் காய 16 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. "ரெண்டு நிமிஷம்கூட மிச்சமாவல, அதுக்கா இவ்ளோ கணக்கு?" என்று அம்மா கேட்டார். நான் பொரிந்துபோன பழைய சாக்கெட்டை அவர் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, சமையலறைச் சாக்கெட்டையும் கழற்றிப் பார்க்கச் சொன்னார்.