எம்பஃப் தீர்ந்ததா, வரிசை நிரம்பியதா?

ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) சர்வரில் ‘நோ பஃபர் ஸ்பேஸ் அவைலபிள்’ என்று வந்தவுடன் பலரும் கெர்ன்.ஐபிசி.என்எம்பிகிளஸ்டர்ஸ் (நெட்வொர்க் பஃபர் கிளஸ்டர்களின் உச்சவரம்பு) மதிப்பை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். நெட்வொர்க் கார்டின் அனுப்பும் வரிசை நிரம்பினாலும் இதே 55ஆம் எண் பிழைதான் வரும். அப்போது எம்பஃப் (பாக்கெட்டுகளைத் தாங்கும் நினைவகத் துண்டு) ஏராளமாகக் காலியாகக் கிடக்கும்.

முதலில் நெட்ஸ்டாட் -எம் கட்டளையை ஓட்டுங்கள் (எஸ்எஸ்எச் நுழையவில்லையென்றால் கன்சோலில்). கிளஸ்டர் (எம்பஃபோடு இணையும் 2,048 பைட் துண்டு) வரியில் நான்கு எண்கள்: பயன்பாட்டில் உள்ளவை, கேஷில் இருப்பவை, இரண்டின் கூட்டு, உச்சவரம்பு. கூட்டு உச்சவரம்பைத் தொட்டிருந்து, ‘டினைட்’ (மறுக்கப்பட்ட கோரிக்கைகள்) எண்ணும் ஏறிக்கொண்டிருந்தால் தட்டுப்பாடு உண்மை. டினைட் பூட் ஆனதிலிருந்து சேரும் கணக்கு; ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால்தான் பொருள் உண்டு. அது அசையவில்லையா? நெட்ஸ்டாட் -ஐடி போட்டு டிராப் (கைவிடப்பட்ட பாக்கெட்டுகள்) பத்தியைப் பாருங்கள்; எண் ஏறினால் வரிசைதான் நிரம்புகிறது.

தட்டுப்பாடு உண்மையானால், பிடித்துவைத்திருப்பது யார் என்பதே கேள்வி. பல நேரம் கார்டேதான். பாக்கெட் வாங்க 8 க்யூ, ஒவ்வொன்றிலும் 2,048 டிஸ்கிரிப்டர் (ஒரு கிளஸ்டரை முன்கூட்டியே பிடித்துவைக்கும் இடம்) என்றால் ஒரு போர்ட்டுக்கே 16,384 கிளஸ்டர். 4 போர்ட்டுக்கு 65,536. ஒரு பாக்கெட்கூட வராமலே 128 எம்பி போய்விட்டது. இந்த நிலையில் வரம்பை உயர்த்துவதுதான் சரியான மருந்து. ஓடும்போதே சிஸ்சிடிஎல் (கெர்னல் அமைப்புகளை மாற்றும் கட்டளை) வழியாக உயர்த்தலாம், குறைக்க முடியாது. நிரந்தர மதிப்பை பூட் ஆகும்போதே படிக்கப்படும் லோடர்.கான்ஃபில் எழுதுங்கள், சிஸ்சிடிஎல்.கான்ஃப் படிக்கப்படுவதற்குள் டிரைவர் பஃபர் கேட்கத் தொடங்கியிருக்கலாம்.

அடுத்த சந்தேகம், வந்த தரவைப் படிக்காத நிரல். நெட்ஸ்டாட் -ஏஎன் காட்டும் ரிசீவ்-க்யூ பத்தியில் பெரிய எண்கள் அப்படியே நின்றால் சாக்ஸ்டாட் கொண்டு எந்த ப்ராசஸ் என்று பிடியுங்கள். இங்கே பைட் கணக்கு ஏமாற்றும்: டிரைவரைப் பொறுத்து 40 பைட் யூடிபி பாக்கெட்டும் 2,048 பைட் கிளஸ்டர் முழுவதையும் பிடித்துக்கொள்ளலாம். ஃப்ரீபிஎஸ்டி 13 வரை நெட்ஸ்டாட் -எக்ஸ் சாக்கெட் வாரியாக எம்பஃப் எண்ணிக்கையையே காட்டியது, அந்தப் பதிப்புகளில் அதை நம்புங்கள். இங்கு வரம்பை உயர்த்தினால் விபத்து சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே.

சாக்கெட்டுகள் காலி, போக்குவரத்தும் அடங்கிவிட்டது, பயன்பாட்டு எண் மட்டும் இறங்கவில்லையென்றால் டிரைவர் கசிவு (வாங்கிய பஃபரைத் திருப்பித் தராமை). 5 நிமிடத்துக்கு ஒருமுறை க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் நிரல்) நெட்ஸ்டாட் -எம் வெளியீட்டைப் பதிவு செய்து, அந்தக் கோப்போடு பிழை அறிக்கை அனுப்புங்கள்.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 வைத்தவர்கள் நெட்ஸ்டாட் -எம் காட்டும் 9கே ஜம்போ (பெரிய கிளஸ்டர்) வரியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கு நினைவகத்தில் அடுத்தடுத்த பக்கங்கள் தேவை. நாள்பட்டு நினைவகம் துண்டுதுண்டானால், வரம்பை எட்டாமலே கோரிக்கைகள் தோற்கும்; அங்கே வரம்பை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. டிரைவர் அனுமதித்தால் 4,096 பைட் கிளஸ்டருக்குள் அடங்கும்படி எம்டியுவைக் குறையுங்கள்.